சி மொழி கற்க எந்தப் புத்தகம்? வாங்கும் முன் செய்ய வேண்டிய பத்து நிமிடச் சோதனை

கேள்வி இதுதான்: பொறியியல் முதலாண்டு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இந்த செமஸ்டரில் சி மொழிப் பாடம். கடையில் அலமாரி நிறைய சி புத்தகங்கள். சீனியர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பரீட்சைக்கு மட்டுமல்லாமல் மொழியை ஒழுங்காகக் கற்க எதை வாங்குவது, எத்தனை வாங்குவது?

ஒன்றே ஒன்று போதும். இதற்கு முன் எந்தக் கணினி மொழியும் தொட்டதில்லை என்றால் கே. என். கிங் எழுதிய 'சி ப்ரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்', 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு. மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்து, பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று கொஞ்சமாவது நிரல் எழுதிய பழக்கம் இருந்தால், கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய 'தி சி ப்ரோகிராமிங் லாங்குவேஜ்', 1988-இன் இரண்டாம் பதிப்பு. இதைத்தான் எல்லோரும் கே அண்ட் ஆர் என்பார்கள்.

ஆனால் நீங்கள் போகும் கடையில் இந்த இரண்டும் இல்லாமல் போகலாம், விலை கட்டுப்படியாகாமலும் போகலாம். அதனால் கையில் கிடைக்கிற எந்தச் சி புத்தகத்தையும் கடையில் நின்றபடியே சோதிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். சி மொழிக்கு இந்தச் சோதனை மற்ற மொழிகளைவிட அவசியம். காரணம் இருக்கிறது.

நம் ஊரில் விற்கும் சி புத்தகங்களில் பல, டர்போ சி என்ற ஒரே கம்பைலரை (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி++ 3.0 வெளிவந்தது 1990-களின் தொடக்கத்தில். அது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து, 16 பிட் கருவி. இன்றைய கணினியில் அதை நேரடியாக ஓட்ட முடியாது. டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்துத்தான் சில கல்லூரி லேப்களில் ஓட்டுகிறார்கள். கம்பைலர் பழையது என்பதுகூடப் பெரிய குறையில்லை. அந்தக் கம்பைலர் செய்ததையெல்லாம் 'சி மொழியின் விதி' என்று புத்தகம் எழுதிவிடுகிறதே, அதுதான் ஆபத்து. முதல் புத்தகத்தில் படித்தது கையில் பழகிவிடும். மூன்றாம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தில் உட்கார்ந்து எழுதும்போது நிரல் ஏன் விழுகிறது என்று புரியாமல் நாள்கணக்கில் அலைய வேண்டிவரும்.

முதலில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு வகை ஆண்டுகள் இருக்கும். 'எடிஷன்' என்பது உள்ளடக்கம் திருத்தப்பட்ட ஆண்டு. 'ரீபிரின்ட்' என்பது அதே பக்கங்களை மறுபடி அச்சடித்த ஆண்டு. 2022 மறுஅச்சு என்று போட்டிருந்தாலும் உள்ளடக்கம் 1995-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். அட்டையின் பளபளப்பை நம்பாதீர்கள். அதேபோல, பழைய ஆண்டு என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம். கே அண்ட் ஆர் இரண்டாம் பதிப்பு 1988-ஐச் சேர்ந்தது. ஆனாலும் அது எந்தக் கம்பைலருக்காகவும் எழுதப்படவில்லை, அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஆன்சி தரத்தை, அதாவது எல்லாக் கம்பைலருக்கும் பொதுவான மொழி விதிகளை, ஒட்டி எழுதப்பட்டது. அதனால்தான் இன்னும் நிற்கிறது. 1978-இன் முதல் பதிப்பு மட்டும் பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அதில் ஃபங்ஷன் (செயற்கூறு) எழுதும் முறையே வேறு. அந்தப் பழைய முறையை சி23 தரம் மொழியிலிருந்தே நீக்கிவிட்டது.

அடுத்து முதல் நிரல். 'வாய்ட் மெயின்' என்று தொடங்கி, மேலே 'கோனியோ.எச்' சேர்த்து, திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் ஒரு விசையைத் தட்டும்வரை திரையை நிறுத்தும் 'கெட்ச்' என்று முடிந்தால் அது டர்போ சி புத்தகம். மெயின் ஓர் இன்ட் (முழு எண்) மதிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்பது தரத்தின் விதி. நிரல் சரியாக முடிந்ததா, பிழையோடு முடிந்ததா என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் எண் அது. பூஜ்யம் என்றால் நலம், வேறெதுவும் என்றால் கோளாறு. வாய்ட் மெயின் எழுதினால் அந்த எண் என்னவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விடைகளைத் தானாகத் திருத்தும் போட்டித் தளங்களில் சரியான விடை அச்சிட்டும் 'ரன்டைம் எரர்' வாங்குவதற்கு இப்படி முடிவு எண் பூஜ்யமாக இல்லாமல் போவதும் ஒரு காரணம்.

இந்த ஒன்றை மட்டும் வைத்துப் புத்தகத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. உள்ளே நல்ல விளக்கம் இருக்கலாம். அடுத்த சோதனைகள்தான் முடிவுசெய்யும்.

பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) அத்தியாயத்தைத் திறந்து படங்களைப் பாருங்கள். கட்டம் கட்டமாக நினைவகம் வரைந்து, கீழே முகவரி எழுதியிருப்பார்கள். அந்த முகவரி 65524, 65522 போல ஐந்து இலக்கத்தில், 65535-க்குள் அடங்கியிருந்தால், அது 16 பிட் கணினியில் ஓட்டி எடுத்த எண். பக்கத்திலேயே நிரலில் முகவரியை அச்சிட '%யு' என்று எழுதியிருப்பார்கள். 16 பிட்டில் முகவரியும் இன்ட்டும் ஒரே அளவாக இருந்ததால் அது வேலை செய்தது. இன்றைய 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட், இன்ட்டுக்கு 4 பைட். '%யு' போட்டால் முகவரியில் பாதிதான் தெரியும். '%பி' போட்டு, பாயின்டரை 'வாய்ட் ஸ்டார்' ஆக மாற்றி அனுப்புவதுதான் முறை. பாயின்டர் என்பது இன்ட்தான் என்ற எண்ணம் தலையில் ஏறிவிட்டால் அப்புறம் இறக்குவது கடினம். அதனால் இந்தச் சோதனைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

அதே அத்தியாயத்தில் 'அர்ரேயின் பெயரே ஒரு பாயின்டர்' என்று ஒற்றை வரியில் முடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது தவறு. அர்ரே (அணி) வேறு, பாயின்டர் வேறு. பல இடங்களில் அர்ரேயின் பெயர் அதன் முதல் உறுப்பைக் காட்டும் பாயின்டராக மாறிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதை வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம். பத்து இன்ட் கொண்ட அர்ரேக்கு மெயினில் 'சைஸ்ஆஃப்', அதாவது எத்தனை பைட் என்று, கேட்டால் 40 வரும். அதையே ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ளே கேட்டால் 8 வரும். உள்ளே போனது அர்ரே இல்லை, பாயின்டர். நல்ல புத்தகம் இந்த 40-க்கும் 8-க்கும் காரணம் சொல்லியிருக்கும். அதேபோல 'கேர் ஸ்டார் எஸ்' என்று பாயின்டராக அறிவித்து ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, முதல் எழுத்தை மாற்ற முயன்றால் லினக்ஸில் நிரல் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழும். அர்ரேயாக அறிவித்தால் விழாது. டர்போ சியில் இரண்டும் சத்தமில்லாமல் ஓடியதால் பழைய புத்தகங்கள் இரண்டையும் ஒன்றென்றே எழுதின.

பின்பக்க அகராதி வரிசையில், அதாவது இன்டெக்ஸில், நான்கு சொற்களைத் தேடுங்கள். 'ஃபார்', 'ஹியூஜ்' என்ற பாயின்டர் வகைகள் இருந்தால் அது டாஸின் 64 கிலோபைட் துண்டுகளுக்காக எழுதிய அத்தியாயம், இன்று பயனில்லை. மாறாக 'அன்டிஃபைன்ட் பிஹேவியர்', 'கான்ஸ்ட்' இரண்டும் இருந்தால் எழுதியவருக்குத் தரம் தெரியும் என்று கொள்ளலாம்.

அன்டிஃபைன்ட் பிஹேவியர் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புத்தகங்களும் வேலைத் தேர்வுக் கையேடுகளும் மாணவர்களை அதிகம் குழப்புவது இங்கேதான். 'ஐ'-யின் மதிப்பு 5. ஒரே பிரின்ட்எஃப்பில் ஐ, ஐ++, ++ஐ மூன்றையும் அச்சிட்டால் என்ன வரும் என்று கேட்பார்கள். புத்தகம் 7 6 6 என்று சொல்லி, 'வலமிருந்து இடமாகக் கணக்கிடும்' என்று விளக்கமும் தரும். ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரில் ஓட்டினால் பொதுவாக 7 6 7 வருகிறது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் 5 5 7 வருகிறது. எது சரி? எதுவுமே இல்லை. ஒரே மாறியை, வரிசை உறுதியில்லாத இடத்தில், இருமுறை மாற்றினால் என்ன நடக்கும் என்று சி தரம் சொல்லவே இல்லை. கம்பைலர் எதையும் செய்யலாம். 'வலமிருந்து இடம்' என்பது டர்போ சி அந்த மதிப்புகளை அடுக்கில் வைத்த வரிசை. அது மொழியின் விதி இல்லை. இந்தப் புதிர்களுக்குப் பக்கம் பக்கமாக விடை தரும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். இல்லாத விதியை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட மோசமான பாடம் வேறில்லை.

உள்ளீடு பற்றிய பகுதியில் மூன்று இடங்கள். ஒரு வரியை வாங்க 'கெட்ஸ்' பயன்படுத்தச் சொல்கிறதா? கெட்ஸுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்ல வழியே கிடையாது. பயனர் நீளமாகத் தட்டினால் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் வோர்ம், 'ஃபிங்கர்' சேவை கெட்ஸ் மூலம் வாசித்த 512 பைட் இடத்தை நிரம்பி வழியவைத்துத்தான் பல கணினிகளில் நுழைந்தது. 2011-இன் தரம் கெட்ஸை அடியோடு நீக்கிவிட்டது. எஃப்கெட்ஸ் சொல்லித்தரும் புத்தகம் வேண்டும்.

இரண்டாவது: எண் ஒன்றை ஸ்கேன்எஃப்பில் வாங்கிவிட்டு அடுத்து ஓர் எழுத்தை வாங்கினால், எழுத்துக்காக நிற்காமல் நிரல் தாண்டிப் போகும். எல்லாப் புதியவர்களும் முதல் மாதத்திலேயே இதில் மாட்டுவார்கள். எண்ணுக்குப் பின் தட்டிய என்டர் உள்ளீட்டில் மிச்சம் இருப்பதும், '%சி' அதையே எழுத்தாக எடுத்துக்கொள்வதும்தான் காரணம். இதற்கு 'எஃப்ஃபிளஷ் எஸ்டிடின்' போடு என்று புத்தகம் சொன்னால், அது தரத்தில் இல்லாத மருந்து. லினக்ஸ் திரையில் வேலை செய்யாது. '%சி'-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் போதும். அந்த இடைவெளி என்டர், டேப், வெற்றிடம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதைக் காரணத்தோடு விளக்கும் புத்தகம் நல்ல புத்தகம்.

மூன்றாவது: ஓர் எழுத்தை வாசிக்கும் கெட்கேரின் மதிப்பை எந்த வகை மாறியில் போடுகிறது? இன்ட் என்றால் சரி. கேர் (எழுத்து வகை) என்றால் தவறு. கோப்பு முடிந்ததைக் குறிக்கும் ஈஓஎஃப் என்ற எண், எந்த எழுத்தோடும் மோதாதபடி எழுத்துகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதைக் கேருக்குள் அடைத்தால் அடையாளம் போய்விடும். கேர் வகையில் எதிர்ம எண் இல்லாத கணினிகளில், உதாரணமாக ராஸ்பெர்ரி பையில், ஈஓஎஃப் வரும்வரை வாசிக்கும் மடக்கு முடியவே முடியாது. கே அண்ட் ஆர் முதல் அத்தியாயத்திலேயே இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது.

கடைசியாகக் கோப்பு அத்தியாயம். 'எஃப்ஈஓஎஃப் இல்லாதவரை சுற்று' என்று மடக்கு எழுதியிருந்தால், அந்த நிரல் கடைசி வரியை இருமுறை அச்சிடும். மூன்று வரிக் கோப்பு ஒன்றை வைத்து ஓட்டிப் பாருங்கள், நான்கு வரி வரும். எஃப்ஈஓஎஃப் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாசிக்க முயன்று தோற்ற பிறகுதான் 'முடிந்தது' என்கிறது. வாசிக்கும் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பை வைத்து மடக்கை நிறுத்துவதே முறை. இந்தத் தவறைச் செய்த புத்தகத்தில் நிரல்களை யாரும் ஓட்டிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அத்தியாய இறுதியில் பத்து கேள்வி இருந்தால், அதில் எத்தனை 'நிரல் எழுது', எத்தனை 'விடை என்ன', எத்தனை 'வரையறு'? பாதிக்கு மேல் 'நிரல் எழுது' இல்லாவிட்டால் அது தேர்வு நோட்ஸ். தேர்வுக்கு முந்தைய வாரம் உதவலாம், மொழி கற்க உதவாது.

இவ்வளவையும் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். பதிப்பு ஆண்டு, முதல் நிரல், பாயின்டர் படம், இன்டெக்ஸ், கெட்ஸ், கெட்கேர், எஃப்ஈஓஎஃப், பயிற்சி என்று வரிசையாகப் புரட்டினால் போதும்.

இனி அந்த இரண்டு புத்தகங்களுக்கு வருவோம். கிங்கின் புத்தகம் தடிமன், 27 அத்தியாயம். பயந்துவிட வேண்டாம், முதல் 17 அத்தியாயத்தில் மொழி கிட்டத்தட்ட முழுதும் வந்துவிடும். நடை நிதானமானது, ஒன்றைச் சொல்லி, மாணவருக்கு எங்கே சந்தேகம் வரும் என்று ஊகித்து அத்தியாயத்தின் முடிவில் கேள்வி-பதிலாகத் தருகிறார். 1989 தரமான சி89-இல் எது, 1999 தரமான சி99-இல் எது என்று பிரித்துக் காட்டுகிறார். இது உங்களுக்கு நேரடிப் பயன் தரும், ஏனென்றால் லேபில் டர்போ சி இருந்தால் சி89 பகுதி மட்டுமே அங்கே செல்லும். முதல் பத்து அத்தியாயத்துக்கு ஏழு வாரம், பாயின்டர், அர்ரே, ஸ்ட்ரிங் பற்றிய 11, 12, 13-க்கு நான்கு வாரம், மிச்ச நான்குக்கு மூன்று வாரம் என்று வைத்தால் ஒரு செமஸ்டரில் முடியும். 11-ஐ அவசரமாகத் தாண்டினால் 17-இல் நிச்சயம் நின்றுபோவீர்கள்.

கே அண்ட் ஆர் மெல்லியது. முதல் அத்தியாயம் முப்பது பக்கத்துக்குள் மொழியின் பெரும்பகுதியைக் காட்டிவிடுகிறது. அதற்குள்ளேயே 24 பயிற்சிகள். ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு அரைமணி நேரம் யோசிக்க வேண்டிய எழுத்து அது. வாசித்துக்கொண்டே போனால் எதுவும் நிற்காது. பயிற்சிகளைச் செய்தால்தான் அந்தப் புத்தகம் திறக்கும். முதல் அத்தியாயத்துக்கு மட்டும் மூன்று வாரம் கொடுங்கள்.

இன்றைய கம்பைலரில் கே அண்ட் ஆரைத் தட்டினால் முதல் நாளே இரண்டு தடங்கல் வரும். அதில் மெயினுக்கு முன்னால் இன்ட் என்று எழுதியிருக்காது. அந்தக் காலத்தில் வகை எழுதாவிட்டால் இன்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். சி99 அதை நீக்கியது. நீண்ட காலம் ஜிசிசி எச்சரிக்கையோடு விட்டுவந்தது. 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் அதைப் பிழையாகவே நிறுத்திவிடுகிறது. 'இன்ட் மெயின்' என்று எழுதி, அடைப்புக்குள் 'வாய்ட்' போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, முதல் அத்தியாயத்தில் 'கெட்லைன்' என்று ஒரு ஃபங்ஷனை அவர்களே எழுதுகிறார்கள். அதே பெயரில் வேறொரு ஃபங்ஷன் பிற்பாடு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் சேர்ந்து, லினக்ஸின் 'எஸ்டிடிஐஓ.எச்'-க்குள் உட்கார்ந்துவிட்டது. அதனால் 'கான்ஃபிளிக்டிங் டைப்ஸ்' என்று பிழை வரும். புத்தகம் தவறு என்றோ நீங்கள் தவறாகத் தட்டினீர்கள் என்றோ நினைக்க வேண்டாம். பெயரை 'மைலைன்' என்று மாற்றினால் தீர்ந்தது. கம்பைலருக்கு சி89 தரம் என்று தேர்வு கொடுத்தாலும் இரண்டு தடங்கலும் போய்விடும்.

எந்தப் புத்தகமானாலும் படிக்கும் முறை முக்கியம். ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அரைமணி வாசிக்கவும், ஒரு மணி தட்டவும். நகல் எடுத்து ஒட்டாதீர்கள், கையால் தட்டுங்கள். ஓடியதும் அடுத்த பக்கம் போகாமல் மூன்று இடத்தை மாற்றிப் பாருங்கள். கே அண்ட் ஆரில் ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் ஒரு சின்ன நிரல் வருகிறது. 0-இலிருந்து 300 வரை இருபது இருபதாக. ஃபாரன்ஹீட்டில் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்கிறது. எல்லாம் இன்ட். முதல் வரியில் 0-க்கு நேராக -17 வரும். உண்மையான விடை -17.8. இப்போது 5/9 என்பதை முதலில் வகுத்துவிட்டுப் பெருக்குமாறு மாற்றுங்கள். எல்லா வரியிலும் 0 வரும். இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் பின்னம் வெட்டப்படுகிறது, 5/9 பூஜ்யமாகிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் சொல்லாது. பிறகு 5-ஐ 5.0 ஆக்கி, செல்சியஸ் மாறியின் வகையை இன்ட்டிலிருந்து 'டபிள்' (பின்ன எண்) ஆக்கி, அதை அச்சிடும் இடத்தில் '%டி'-யை '%எஃப்' ஆக்குங்கள். வகையை மாற்றிவிட்டு '%டி'-யை மட்டும் மாற்றாமல் விட்டால் என்ன குப்பை வருகிறது என்றும் பாருங்கள். ஒரு பத்து வரி நிரலில் இவ்வளவு இருக்கிறது.

கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளை எப்போதும் திறந்தே வையுங்கள். ஜிசிசியில் 'டபிள்யூ-ஆல்', 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' என்ற இரண்டு தேர்வுகள் அதற்குத்தான். மேலே சொன்ன ஐ++ புதிர், '%யு' முகவரி, ஃபங்ஷனுக்குள் அர்ரேயின் சைஸ்ஆஃப் மூன்றுக்கும் ஜிசிசியே எச்சரிக்கும். பாயின்டர் அத்தியாயம் வந்ததும் 'சானிடைஸ்' தேர்வில் அட்ரஸ், அன்டிஃபைன்ட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அர்ரேயின் எல்லை தாண்டி எழுதினால் எந்த வரியில் தாண்டினீர்கள் என்று காட்டிவிடும். எல்லையைத் தாண்டியும் அதிர்ஷ்டத்தால் ஓடிவிடும் நிரலைச் சரியென்று நம்புவதுதான் சி கற்பவருக்கு நேரும் பெரிய கேடு. இந்தத் தேர்வு அதிலிருந்து காப்பாற்றும். மடிக்கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியை நிறுவி, அதில் கிளாங் போட்டுக்கொண்டால் இரண்டு புத்தகத்தின் பெரும்பாலான பயிற்சிகளையும் செய்யலாம். ஒரு புளூடூத் விசைப்பலகை இருந்தால் இன்னும் நல்லது.

லேபில் டர்போ சிதான் என்றால் சண்டை போட வேண்டாம். இரண்டு இடத்திலும் ஓடும்படி எழுதலாம். இன்ட் மெயின், கடைசியில் ரிட்டர்ன் 0, மாறிகளை எல்லாம் அடைப்பு தொடங்கியதும் அறிவித்துவிடுதல், 32767-ஐத் தாண்டக்கூடிய எண்ணுக்கு லாங். இவ்வளவு கடைப்பிடித்தால் அதே நிரல் அங்கும் இங்கும் ஓடும். அதில் இன்ட் 2 பைட்தான் என்பதால் 8-இன் ஃபேக்டோரியல் 40320-க்குப் பதில் எதிர்ம எண் வரும். நிரலில் தவறு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விடைத் திரையை நிறுத்திப் பார்க்க கெட்ச் வேண்டியதில்லை, ஆல்ட்டும் எஃப்5-உம் அழுத்தினால் போதும்.

தமிழ்வழியில் படித்தவருக்கு சியைவிட ஆங்கிலம்தான் முதல் மூன்று வாரம் தடுக்கும். இதற்கு வழி இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது சி++ என்றாலும் மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு, அணி ஆகியவை சியிலும் அப்படியே. அந்த அத்தியாயத்தைத் தமிழில் படித்துவிட்டு, அதே பொருளை ஆங்கிலப் புத்தகத்தில் படியுங்கள். தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் படிப்பது சுலபம். இரண்டும் தெரியாமல் படிப்பதுதான் கஷ்டம். சி++ அச்சிடவும் வாசிக்கவும் பயன்படுத்தும் சீஅவுட், சின் மட்டும் சியில் கிடையாது.

கூடவே ஒரு சின்ன நோட்டில் சொற்களைக் குறியுங்கள். பாயின்டர், அர்ரே போன்றவை எப்படியும் பழகிவிடும். உண்மையில் தடுப்பவை 'ட்ரங்கேட்', 'யீல்ட்', 'டிஸ்கார்ட்', 'ப்ரிசிடன்ஸ்', 'அட்ஜேசன்ட்' போன்ற சாதாரண ஆங்கிலச் சொற்கள். ட்ரங்கேட் என்றால் வெட்டிவிடுவது, கிட்டத்து முழு எண்ணாக்குவது இல்லை. -17.8 ஏன் -18 ஆகாமல் -17 ஆனது என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நாற்பது, ஐம்பது சொல் சேர்ந்ததும் நோட்டை எடுக்கும் தேவையே குறைந்துவிடும்.

வேறு மொழி கற்க நினைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு மொழிக்கும் இப்படிக் காலம் காட்டும் அடையாளம் உண்டு. பைத்தான் புத்தகத்தில் பிரின்டுக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றது. சி++ புத்தகத்தில் 'ஐஓஸ்ட்ரீம்.எச்' என்று புள்ளி எச் இருந்தால் 1998 தரத்துக்கு முந்தையது. ஜாவாவில், உலாவிக்குள் ஓடிய சிறு நிரலான ஆப்லெட்டுக்குத் தனி அத்தியாயம் இருந்தால் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் 'லெட்', 'கான்ஸ்ட்' இல்லாமல் 'வார்' மட்டும் இருந்தால் 2015-க்கு முந்தையது.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் பாருங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உட்கார்ந்து படிக்க ஏற்றவை. உங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் எடுத்து ஓர் அத்தியாயம் செய்து பார்த்தால் அந்த நடை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். பழையதாக வாங்க திருவல்லிக்கேணி பாரதி சாலை, கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றலாம். அங்கே எடுக்கும்போது அச்சு தெளிவாக இருக்கிறதா என்று நிரல் உள்ள பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நகலெடுத்து விற்கும் திருட்டுப் பதிப்புகளில் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றாகத் தெரியும், சாய்கோடு மறைந்திருக்கும், 1 என்ற எண்ணும் ஆங்கிலச் சின்ன எல்லும் பிரியாது. கதைப் புத்தகத்தில் அது பரவாயில்லை. நிரலில் ஓர் அரைப்புள்ளி மறைந்தால் உங்கள் மாலை போய்விடும், அதுவும் தவறு உங்களுடையது என்ற நினைப்பிலேயே.